ஊருக்கெல்லாம் ஒன்று புள்ளி பூஜ்யம்

பயம் வந்தால் சிலருக்கு வியர்க்கும், சிலருக்கு வாய் உலரும். எனக்கு நக்கல் வரும். தாலி கட்டுகிற நேரத்தில் ஐயரிடம், "கொஞ்சம் இருங்க, இன்னொரு தடவ யோசிச்சிட்டு வரேன்" என்று சொன்ன ஆள் நான். மாமனார் கடைசிவரை அதை மன்னிக்கவில்லை. அன்று என் முழங்கால் இரண்டும் தந்தியடித்துக்கொண்டிருந்தது வேட்டிக்குள் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. ஐம்பதைத் தாண்டியும் அந்தப் புத்தி போகவில்லை. அதனால் என் அக்காவுக்கு என்ன ஆனது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நடுநடுவே சிரிப்பு வந்தால் தயங்காமல் சிரித்துக்கொள்ளலாம். நானும் சிரித்தேன், அதுதான் தகராறே.

காலை டிரெயினில் கே.ஜி.எஃப்பிலிருந்து பெங்களூர் போய், சாயங்கால டிரெயினில் திரும்புகிற கூட்டத்தில் நான் ஒருவன். எங்கள் கம்பெனி சின்னது. ரத்தப் பரிசோதனை லேப்களுக்கு புரோகிராம் எழுதிக் கொடுக்கிறோம். ரத்தத்தை அளப்பது மெஷின். மெஷின் சொல்லும் எண்களை வாங்கி வைப்பது ஒரு புரோகிராம், திரையில் காட்டுவது இன்னொன்று, நோயாளி கையில் கொடுக்கும் சீட்டை அச்சடிப்பது வேறொன்று. இப்படி நாற்பது இருக்கின்றன. நாற்பதுக்கும் பொதுவாக ஒரே ஒரு ஃபைல் உண்டு. சர்க்கரை எத்தனையாவது இடம், யூரியா எத்தனையாவது இடம் என்று வரிசையைச் சொல்கிற ஃபைல் அது.

இதை என் மனைவிக்கு ஒருமுறை எங்கள் ஊர் நந்திதுர்க் லைன் வீடுகளை வைத்து விளக்கினேன். அக்கா அங்கேதான் இருக்கிறாள். ஒரே நீளச் சுவர், வரிசையாகக் கதவுகள். போஸ்ட்மேன் பெயர் பார்ப்பதில்லை. ஏழாவது கதவு என்றால் அக்கா. நடுவில் ஒருத்தன் தம்பியோடு சண்டை போட்டு, வீட்டை இரண்டாகத் தடுத்து, புதுக் கதவு வைத்துவிடுகிறான் என்று வையுங்கள். இப்போது ஏழாவது கதவு வேறு யாருடையதோ. விஷயம் தெரிந்த போஸ்ட்மேன் எட்டாவது கதவைத் தட்டுவான். தெரியாதவன் ஏழாவதையே தட்டுவான். புரோகிராம்களின் கதையும் அதுதான். நாம் எழுதியதை மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுப்பதற்குப் பெயர் கம்பைல். அப்படிக் கம்பைல் ஆகும்போது அந்த வரிசையும் புரோகிராமுக்குள்ளே உறைந்துபோகும். பிறகு பொது ஃபைலை மாற்றினால், அதை நம்பியிருக்கிற எல்லாவற்றையும் மறுபடி கம்பைல் பண்ண வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் அது கத்தாது, நிற்காது. தப்பான கதவைத் தட்டி, உள்ளே இருப்பவர் கையில் கடிதத்தைக் கொடுத்து, காபி குடித்துவிட்டு, வேலை முடிந்தது என்று வந்துவிடும்.

எதை மறுபடி கம்பைல் பண்ண வேண்டும், எதை விடலாம் என்று பார்த்துச் சொல்ல எங்களிடம் மேக் என்று ஒரு கருவி இருக்கிறது. ரொம்ப வருஷத்துக் கருவி, நாணயமானது, ஆனால் ஒரே ஒரு கேள்விதான் கேட்கும்: யார் பிந்தியவர்? பொது ஃபைல் கடைசியாக மாறிய நேரத்தையும், புரோகிராம் கம்பைல் ஆன நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும். பொது ஃபைல் பிந்தியது என்றால் மறுபடி கம்பைல் பண்ணும். புரோகிராம் பிந்தியது என்றால், இவர் எல்லாம் தெரிந்துகொண்டுதான் பிறந்திருக்கிறார் என்று விட்டுவிடும். அதற்குக் கடிகாரம்தான் எல்லாம்.

எங்கள் ஊரில் டிரெயினுக்குப் போகிற ஆள் இருக்கும் வீட்டில் கடிகாரம் உண்மை பேசாது. பத்து நிமிஷம், கால் மணி என்று அவரவர் வசதிக்கு முன்னால் தள்ளி வைத்திருப்பார்கள். டிரெயின் காத்திருக்காது, நம்மை நாமே ஏமாற்றிக்கொண்டால்தான் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர முடியும். விருந்தாளி நேரம் கேட்டால் முதலில் மணியைச் சொல்லி, அப்புறம், "இதுல கால் மணி கழிச்சிக்குங்க" என்பார்கள். பிறந்ததிலிருந்து கழித்தே பழகியவன் நான். ஆபீஸிலும் அப்படியே செய்தேன். கம்பைல் பண்ணுவதற்கென்று ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. எங்கள் பழைய கம்பைலர் அதில் மட்டும்தான் ஓடும். வைரஸ் பயத்தால் அதை நெட்டில் இணைப்பதில்லை. அதனால் அதன் நேரத்தைக் கையால்தான் வைக்க வேண்டும். என் மேஜைமேல் இருக்கிற, என்னைத் தவிர யாரும் தொடாத கம்ப்யூட்டர். இருபத்தைந்து நிமிஷம் முன்னால் தள்ளி வைத்தேன். அன்றிலிருந்து சாயங்கால டிரெயினை ஒருநாள்கூட விட்டதில்லை என்று ஊரெல்லாம் பெருமை பேசினேன்.

போன வருஷம் ஒரு சின்ன மாற்றம் வந்தது. சில பேருடைய ரத்தம் மெஷினால் அளக்க முடியாத அளவுக்கு மோசமாக இருக்கும்; அதில் திரவம் கலந்து நீர்க்க வைத்து அளப்பார்கள். எத்தனை மடங்கு நீர்த்தது என்று குறித்துவைக்க ஓர் இடம் வேண்டும் என்று லேப்காரர்கள் கேட்டார்கள். நீர்க்காத ரத்தத்துக்கு அதில் ஒன்று என்று இருக்கும். அதாவது கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஒன்று. என்னுடன் வேலை செய்யும் பெண் வரிசையின் கடைசியில் சேர்த்துவிடலாம், யாருக்கும் தொந்தரவில்லை என்றாள். எனக்கு அழகு முக்கியம். இது பெரும்பாலும் கிரியேட்டினினுக்குத்தான் தேவைப்படும், பக்கத்து வீடாக இருக்கட்டும் என்று சொல்லி, கிரியேட்டினினுக்கு முன்னால் புதுக் கதவு வைத்தேன். கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சொல்லும் எண். நல்ல ஆளுக்கு ஒன்றை ஒட்டி இருக்கும். அது ஏற ஏற, ஆள் இறங்கிக்கொண்டிருக்கிறார் என்று பொருள். எங்கள் வரிசையில் அதுதான் கடைசி எண்.

அன்று காலை வேறு ஒரு திருத்தத்துக்காக நாற்பதையும் கம்பைல் பண்ணி முடித்திருந்தேன். பழைய கம்ப்யூட்டருக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. பதினோரு மணிக்கு முடிந்தது. பதினொன்று பத்துக்கு என் லேப்டாப்பில் பொது ஃபைலை மாற்றி, பென் டிரைவில் கொண்டுபோய் பழையதில் போட்டு, மறுபடி மேக்கை ஓடவிட்டேன். திரையில் வரிகள் ஓடின. கம்பைல் ஆகிறது, கம்பைல் ஆகிறது என்று மளமளவென்று ஓடுவதைப் பார்த்தால் மனசுக்கு நிறைவாக இருக்கும். அந்தப் பெண் எட்டிப் பார்த்து, எதற்கு வம்பு, பழையதை எல்லாம் அழித்துவிட்டு நாற்பதையும் முதலிலிருந்து பண்ணிவிடலாமே என்றாள். அந்தக் கருவிக்குத் தெரியாததா உனக்குத் தெரியப்போகிறது என்று கிண்டலடித்துவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தேன்.

பிறகு சோதனை பார்த்தேன். சோதனைக்கென்று கற்பனை நோயாளி ஒருவரை நானே உருவாக்கி வைத்திருக்கிறேன். பாவம், எதற்கு அவருக்கு வியாதி கொடுப்பானேன் என்று எல்லா எண்ணும் நார்மலாக வைத்திருந்தேன். கிரியேட்டினின் ஒன்று புள்ளி பூஜ்யம். திரையில் சரியாக வந்தது. சீட்டிலும் சரியாக வந்தது.

புது வெர்ஷனை முதலில் ஓர் இடத்தில் மட்டும் போட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். நான் பக்கத்தில் இருந்து கவனித்துக்கொள்ளலாம் என்பதால் எங்கள் ஊர் லேப். ராபர்ட்சன்பேட்டை பஜாரில், தலைமுறை தலைமுறையாக மளிகைக் கடை வைத்திருக்கும் குடும்பம். கீழே கடை, மாடியில் அந்த வீட்டு மகன் நடத்துகிற லேப். அக்காவும் அங்கேதான் ரத்தம் கொடுப்பாள்.

அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டு வருஷமாகச் சரியில்லை. தக்காளி கூடாது, கீரை கூடாது, இளநீர் கூடாது, காய்கறியை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். கோலார் ஆஸ்பத்திரி டாக்டர் கடைசியாக, டயாலிசிஸ் எப்படியும் வரும், அதற்குமுன் கையில் ஒரு சின்ன ஆபரேஷன் செய்து ரத்தக்குழாயைத் தயார் பண்ணி வைக்க வேண்டும் என்று தேதி கொடுத்திருந்தார். இன்று ஆபரேஷன் செய்தால் அது பக்குவமாக ஒரு மாசத்துக்கு மேல் ஆகுமாம். அதனால்தான் முன்கூட்டியே. அக்காவுக்குக் கத்தி என்றால் பயம். எங்கள் பரம்பரைப் பயம்தான், அவளுக்கு அது நக்கலாக வராமல் வாந்தியாக வரும். ஆபரேஷனுக்கு ஒரு வாரம் இருக்கும்போது லேபில் ரத்தம் கொடுத்தாள். சீட்டை எடுத்துக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"டேய், இது இன்னான்னு பாரு. ஒன்னுன்னு போட்டுக்கீது."

பார்த்தேன். ஒன்று புள்ளி பூஜ்யம். நம்பினேன். நம்பினேன் என்பது சரியில்லை, துள்ளினேன். இரண்டு வருஷம் தண்ணீரைக் கொட்டிச் சாப்பிட்டதற்குப் பலன் என்றேன். இதற்கு முந்தைய சீட்டில் ஐந்துக்கு மேல் இருந்ததே, அப்படி இறங்குமா என்று ஒரு நொடி தோன்றியது. தோன்றியதை உட்கார விடவில்லை.

"உன் பொட்டி தானாமே இப்போ அங்க ஓடுது. கை ராசிடா உனக்கு" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அப்போ கைய அறுத்துக்கணுமா, வேணாமா? நீ சொல்லு."

டாக்டரைக் கேள் என்று சொல்லியிருக்கலாம். இரண்டே சொல். அதற்குப் பதிலாக நான் சொன்னது: "எதுக்கு அறுக்கணும்? என்னுதவிட உன் கிட்னி சூப்பரா கீது. எனக்குத் தேவைன்னா ஒன்னு குடு."

அவள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அந்தத் தேதியில் அவள் கோலாருக்குப் போகவில்லை.

அதன்பின் ஆறு வாரம். அக்கா பேத்தமங்களா பக்கத்துத் தோட்டத்துத் தக்காளியை வாங்கிச் சாறு, அதாவது ரசம், வைத்தாள். பக்கத்து வீட்டுக்காரியிடம், தம்பி பெங்களூரில் பெரிய ஆள், அவன் மெஷின் வந்த நேரம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கால் கொஞ்சம் வீங்கியது. வெயில் என்றாள். மூச்சு வாங்கியது. வயசு என்றாள். நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜோக் வைத்திருந்தேன். வீங்கின காலுக்கு, "ஆரோக்கியம் தாங்காம கால் வழியா வழியுது" என்றேன். அதற்கும் சிரித்தாள்.

அக்கா தேறியதைப் பார்த்து என் மனைவிக்கு ஆசை வந்துவிட்டது. நாமும் போய் ஒரு முழு செக்கப் பண்ணலாம் என்று என்னை இழுத்துக்கொண்டு போனாள். ஞாயிற்றுக்கிழமை காலை சீட்டுகள் வந்தன. சாப்பாட்டு மேஜையில் விரித்துவைத்தோம். எனக்குச் சர்க்கரை எல்லையில், அவளுக்குக் கொழுப்பு எல்லையில். கிரியேட்டினின் எனக்கு ஒன்று புள்ளி பூஜ்யம். அவளுக்கும் ஒன்று புள்ளி பூஜ்யம்.

"பாரு, இருவத்தஞ்சு வருஷம் குடும்பம் நடத்துனா கிட்னி கூட ஒரே மாதிரி ஆயிடுது" என்றேன். "இதுல அக்காவுதும் அதே நம்பர். நமக்கெல்லாம் கூட்டுக் கிட்னி போல."

அவள் சிரித்தாள். நானும் சிரித்துக்கொண்டிருந்தேன். பாதியில் இரண்டு சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்று. எல்லோருக்கும் ஒன்று. கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஒன்று என்று இருக்கிற எண்ணை எனக்குத் தெரியும். அதற்கு வீடு கட்டிக் கொடுத்ததே நான்தான்.

"இன்னாங்க, ஏன் நிறுத்திட்டீங்க?" என்று அவள் கேட்டது நினைவிருக்கிறது. லேப்டாப் பையைத் தோளில் போட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, வண்டிச் சாவியை வீடு முழுக்கத் தேடினேன். பூஜை அலமாரியில்கூடத் தேடினேன். சாவி வண்டியிலேயே இருந்தது. பஜார் போகும்வரை எனக்கு நானே பேசிக்கொண்டு போனேன்: ஒண்ணுமில்லை, தற்செயல், உனக்குச் சர்க்கரை எல்லையில் இருக்கிறது, அதனால் மூளை குழம்புகிறது. லேப் மாடிப்படி ஏறி, லேப்காரரிடம் ஒரு முழுப் பிரசங்கம் செய்தேன்.

"சார், ஹெல்மெட்ட கழட்டிட்டு பேசுங்க. ஒன்னும் கேக்கல" என்றார் அவர்.

அக்காவின் பழைய பரிசோதனையைத் திரையில் எடுக்கச் சொன்னேன். கிரியேட்டினின்: ஐந்து புள்ளி எட்டு. அதே பரிசோதனைக்கு அச்சடித்த சீட்டின் நகலை எடுக்கச் சொன்னேன். ஒன்று புள்ளி பூஜ்யம். நகல் கட்டு மொத்தத்தையும் வாங்கிப் புரட்டினேன். கிழவர், கர்ப்பிணி, ஸ்கூல் பிள்ளை, எல்லோருக்கும் அதே எண். நல்ல சிறுநீரகம் உள்ளவர்களுக்கு அது ஏறக்குறைய உண்மை. கெட்டுப்போனவர்களுக்கு மட்டும்தான் பொய். இதைவிடக் கச்சிதமாகத் திட்டம் போட்டால்கூட யாராலும் செய்ய முடியாது.

"இத நீங்க பாக்கவே இல்லியா?" என்றேன்.

"பாத்தேன் சார். ஒரு டாக்டரு போன் கூட பண்ணாரு. ஸ்கிரீன பாத்து சரியான நம்பர சொல்லிட்டேன். பிரிண்டர் கோளாறுன்னு நெனச்சேன்."

"மத்தவங்க?"

"எல்லாம் நார்மல்னு வந்தா யாரு சார் சண்டைக்கு வர்றாங்க?"

ஆக, திரையில் காட்டும் புரோகிராம் மறுபடி கம்பைல் ஆகியிருக்கிறது, அச்சடிக்கும் புரோகிராம் ஆகவில்லை. அது இன்னும் பழைய ஏழாவது கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது. கிரியேட்டினின் ஒரு வீடு தள்ளிப் போய்விட்டது; கதவைத் திறந்தது நான் குடிவைத்த புது ஆள். ஆனால் மேக் எப்படி அதை விட்டது? லேப்டாப்பைத் திறந்து, அதில் வைத்திருந்த நகல்களின் நேரங்களைப் பார்த்தேன். பொது ஃபைலை நான் மாற்றியது பதினொன்று பத்து. அச்சு புரோகிராம் கம்பைல் ஆனது பதினொன்று இருபது. பிந்திப் பிறந்தது. பிந்திப் பிறந்ததற்கு எப்படி விஷயம் தெரியாமல் போகும்? நான் வீட்டுக்குப் போகலாம், எல்லாம் கனவு, என்று ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஆனால் நான் அன்று பதினோரு மணிக்கே முதல் கம்பைலை முடித்துவிட்டேனே.

நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டரை. போனில் பன்னிரண்டு பத்து. என் பார்வையைப் பார்த்து லேப்காரர் சொன்னார்: "அது இருவது நிமிஷம் ஃபாஸ்ட்டு சார். என் பொண்ணு டிரெயினுக்குப் போவுதுல்ல."

உட்கார்ந்துவிட்டேன். பழைய கம்ப்யூட்டரின் பதினொன்று இருபது என்பது ஊர் நேரப்படி பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் முன்னால். காலையில் நாற்பதைக் கம்பைல் பண்ணினபோது கடைசி ஆறு புரோகிராம்களும் நான் முன்னால் தள்ளிவைத்த கடிகாரத்தால், நடக்காத நேரத்தின் முத்திரையோடு பிறந்தன. பொது ஃபைலோ என் லேப்டாப்பில் உண்மையான நேரத்தில் மாறியது. மேக் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இந்த ஆறும் பிந்தியவை, தொட வேண்டாம் என்று விட்டுவிட்டது. பாக்கி முப்பத்து நான்கும் ஓடினதைத்தான் நான் திரையில் மளமளவென்று பார்த்துக்கொண்டே சோறு தின்றேன். உலகத்தில் எத்தனையோ ஊரில் எத்தனையோ பேர் இந்தக் கருவியை நம்பிப் பிழைக்கிறார்கள். சாயங்கால டிரெயினுக்குப் பயந்து அதன் கண்ணில் மண்ணைத் தூவ எங்கள் மாரிக்குப்பம் ரயில் லைனில் போகிற ஒருத்தனால்தான் முடியும். எனக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியவில்லை. லேப்காரர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

அவர் நல்லவர். பதற்றம் தெளிந்ததும் திரையில் எண் அதிகம் இருந்தவர்களைத் தேடி எடுத்தார். ஒன்பது பேர். ஒவ்வொருவருக்காகப் போன் போட்டு, சீட்டில் தப்பு, டாக்டரிடம் உடனே போங்க என்று கன்னடத்தில், தெலுங்கில், தமிழில் சொன்னார். ஒருவர் திட்டினார். ஒருவர் நான்காம் நாளே வேறு லேபில் பார்த்துக்கொண்டதாகச் சொன்னார். பூதிகோட்டையிலிருந்து ஓர் அம்மா, நல்லா இருக்கேன்னு சொன்னீங்களே என்று திரும்பத் திரும்ப அதையே கேட்டார். எட்டுப் போன் முடிந்தது. ஒன்பதாவது பெயருக்கு வந்ததும் போனைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

நந்திதுர்க் போனபோது அக்கா வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பாதம் செருப்புக்குள் போகாமல் பக்கத்தில் கழற்றி வைத்திருந்தாள். சாப்ட்டு போ, தக்காளிச் சாறு வெச்சிக்கீறேன் என்றாள். வழியெல்லாம் தயார் செய்துகொண்டு போயிருந்த ஜோக் ஒன்று வாய்வரை வந்து நின்றது. எனக்கு நினைவு தெரிந்து அப்படி நின்றது அதுதான் முதல் தடவை.

"அந்தச் சீட்டு தப்புக்கா."

"எந்தச் சீட்டு?"

"ஒன்னுன்னு போட்டுதே."

கீரையிலிருந்து கையை எடுக்கவில்லை. "தப்புன்னா, ரெண்டா?"

"அஞ்சு புள்ளி எட்டு. அன்னிக்கே அவ்ளோதான்."

"அப்போ அந்த ஒன்னு யாருது?"

"யாருதும் இல்லக்கா." பிறகு விளக்க ஆரம்பித்தேன். புதுக் கதவு, பழைய கம்ப்யூட்டர், கடிகாரம், மேக், எல்லாம். கேட்காமலே விளக்குகிறவன் எதற்கு விளக்குகிறான் என்று அவளுக்குத் தெரியும். முழுவதும் கேட்டுக்கொண்டாள். காம்பு வேறு, இலை வேறாகப் பிரித்துக்கொண்டே கேட்டாள்.

"ஆறு வாரம் நல்லா இருந்தேன்டா" என்றாள்.

அடுத்த கொத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, "நீதான வேணாம்னு சொன்னே."

"ஆமாக்கா."

"கிண்டலுக்கு சொன்னேன்னு மட்டும் சொல்லிடாத."

அதைத்தான் சொல்லப்போனேன். அவள் கீரையை முறத்தோடு எடுத்துப்போய் உள்ளே வைத்துவிட்டு, வேறு புடவை கட்டிக்கொண்டு வந்தாள்.

கோலார் ஆஸ்பத்திரியில் எண் ஒன்பது புள்ளி நான்கு. பொட்டாசியம் வேறு ஏறியிருந்தது. கையில் தயாரான ரத்தக்குழாய் இல்லாததால் அவசரமாகக் கழுத்தில் குழாய் செருகி டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள். கத்திக்குப் பயந்தவளுக்குக் கழுத்தில். டாக்டர் இளம் வயசு, கோபக்காரர் இல்லை. என்னை வெளியே அழைத்து, கொடுத்த தேதியில் வந்திருந்தால் இந்நேரம் கை தயாராகியிருக்கும், சாப்பாட்டில் கட்டுப்பாடு விடாமல் இருந்திருந்தால் டயாலிசிஸே இன்னும் சில மாசம் தள்ளிப்போயிருக்கும் என்றார். ஏன் வரவில்லை என்று கேட்டார். ஒரு சீட்டு நார்மல் என்று வந்தது என்றேன். எந்த லேப் அது, அறிவில்லையா அவங்களுக்கு என்றார். லேப் இல்லை, நான்தான் என்று சொல்ல நாக்கு எழவில்லை. ஒரு வாரம் கழித்து எழுதிக் கொடுத்தேன், அதுவும் ஆபீஸ் லெட்டரில், கம்பெனி சார்பில்.

ஆபீஸில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. லேபில் போட்டிருந்த புது வெர்ஷனைத் திங்கட்கிழமையே எடுத்தோம். நல்லவேளை, வேறெங்கும் போடவில்லை. என்ன நடந்தது என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னார் முதலாளி. எழுதினேன். அந்தப் பெண் படித்துப் பார்த்தாள். அழித்துவிட்டு எல்லாவற்றையும் பண்ணலாம் என்று தான் சொன்னதை நான் அதில் எழுதியிருந்தேன். அதை எடுத்துவிடலாம் என்றாள். எடுக்கவில்லை. பழைய கம்ப்யூட்டரின் கடிகாரத்தை அவளே திருத்தி வைத்தாள். இப்போது ஒரு எழுத்து மாறினாலும் நாற்பதையும் அழித்துவிட்டு முதலிலிருந்து கம்பைல் பண்ணுகிறேன். கற்பனை நோயாளிக்கு எல்லா வியாதியும் கொடுத்துவிட்டேன், ஒவ்வொரு எண்ணும் வெவ்வேறாக. ஒரு மணி நேரம் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இதனால் யாருக்கு என்ன? அடுத்த லேபில் அடுத்த ஆளுக்குச் சரியான எண் வரும். அக்காவுக்கு வரவேண்டிய எண் வந்தாயிற்று.

வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். வியாழக்கிழமை லீவு போட்டு நான் கூடப் போகிறேன். நான்கு மணி நேரம். கழுத்துக் குழாய் ஒருமுறை சீழ் பிடித்து, காய்ச்சல் வந்து, மாற்றிப் போட்டார்கள். கை ஆபரேஷனும் முடிந்தது. இன்னும் பக்குவப்படவில்லை, காத்திருக்க வேண்டும் என்கிறார்கள். பக்கத்துப் படுக்கைக்காரர்களை நான் சிரிக்க வைக்கிறேன். அங்கே எனக்கு நல்ல பெயர். அக்கா மட்டும் சிரிப்பதில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், நான் சொல்வதில் எது கிண்டல், எது நிஜம் என்று பிரித்துப் பார்க்கிற மாதிரி.

போன வியாழக்கிழமை கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள். "அன்னிக்கே போயிருந்தா, இத கையிலியே போட்டிருப்பாங்க இல்ல?"

"அப்டி சொல்ல முடியாதுக்கா. டாக்டரே சொல்ல முடியாதுன்னுட்டாரு."

அவள் தலையை ஆட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை. டாக்டர் அப்படிச் சொல்லவில்லை.